ஒரு அறையில் அமைச்சர்கள், இன்னொரு அறையில் உறுப்பினர்கள்: சென்னைக் கல்லூரி ஒன்றின் மாதிரிப் பேரவை பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

சென்னையில் அரசு உதவி பெறும் கல்லூரி ஒன்றின் அரசியல் அறிவியல் துறை ஆண்டுதோறும், மாணவர்கள் நாடுகளின் பிரதிநிதிகளாக நடிக்கும் மாதிரி ஐ.நா. சபை நடத்திவந்தது. எல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும். நாலைந்து பேர் பேசுவார்கள். மற்றவர்கள் நாட்டுப் பெயர்ப்பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்கள். அந்தத் துறையில் பெரும்பாலானோர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். 2025-26 கல்வியாண்டில் இதை மாற்றுவது என்று துறைத் தலைவர் முடிவு செய்தார். தமிழில் நடத்தலாம், உலகம் முழுவதையும் இழுத்துப் போட வேண்டாம், நம் கடலைச் சுற்றியுள்ள நாடுகள் போதும் என்றார். ஆகஸ்டில் ஒன்று, அக்டோபரில் ஒன்று என இரண்டு அமர்வுகள் நடந்தன. இரண்டிலும் நடப்பதைக் குறித்துவைக்கும் பதிவாளர் நான். திட்டமிட்டவர்கள் மாணவர் குழுவினரும் இரண்டு ஆசிரியர்களும். கலந்துகொண்டவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

எந்த அமைப்பை எடுப்பது என்பதில் முதலில் சார்க் பெயர் வந்தது. 1985-ல் டாக்காவில் தொடங்கிய, தெற்காசிய நாடுகளின் அமைப்பு. 1992 முதல் அதன் நாடுகளின் அவைத்தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு சங்கம்கூட உண்டு. ஆனால் 2014 நவம்பர் காத்மாண்டு மாநாட்டுக்குப் பிறகு சார்க் தலைவர்கள் ஒன்றுகூடவே இல்லை. கூடாத அமைப்பை எப்படி நடித்துக் காட்டுவது என்று ஒரு மாணவி கேட்டதும் சார்க் கைவிடப்பட்டது.

அப்புறம் பிம்ஸ்டெக், வங்காள விரிகுடாப் பகுதி நாடுகளின் கூட்டமைப்பு. 1997 ஜூன் 6 அன்று பாங்காக் பிரகடனத்தில் பிறந்தது. இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மியான்மர், தாய்லாந்து, நேபாளம், பூட்டான் என இன்று ஏழு நாடுகள். செயலகம் 2014 முதல் டாக்காவில். சாசனம் 2022 மார்ச் 30 அன்று கொழும்பு மாநாட்டில் கையெழுத்தாகி, 2024 மே 20 அன்று நடைமுறைக்கு வந்தது. அதாவது அமைப்பு பிறந்து கால் நூற்றாண்டு கழிந்த பிறகுதான் அதற்கு முறையான சாசனம் கிடைத்தது. அந்தச் சாசனத்தில் உச்சி மாநாடு, அமைச்சர்கள் கூட்டம், மூத்த அதிகாரிகள் கூட்டம், செயலகம் எல்லாம் இருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு என்று ஓர் உறுப்பு இல்லை. மாணவர்களைக் கவர்ந்தது அந்த இல்லாத இடம்தான். அதை இட்டு நிரப்பினால் என்ன ஆகும் என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி.

இடையில் ஒரு தகவல். மீன்வளத்துக்கான வட்டார அரசுகளுக்கிடை அமைப்பு ஒன்று சென்னையிலேயே இருக்கிறது. 1979-ல் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் வங்காள விரிகுடாத் திட்டமாக இங்கே தொடங்கி, 2003-ல் இந்தியா, இலங்கை, பங்களாதேஷ், மாலத்தீவு ஆகிய நான்கு நாடுகளின் அமைப்பாக மாறியது. திட்டக் குழுவில் பலரும் அந்தப் பெயரை அப்போதுதான் முதன்முதலாகக் கேட்டார்கள்.

முதல் அமர்வு

கருத்தரங்கக் கூடத்தில் நாடாளுமன்றப் பேரவை, பக்கத்துத் துறை நூலகத்தில் அமைச்சர்கள் மன்றம். அமைச்சர்கள் நாட்டுக்கு ஒருவராக ஏழு பேர். பேரவையில் இந்தியாவுக்கு 6 இடம், பூட்டானுக்கு 3, மற்றவை இரண்டுக்கும் நடுவில். இந்தக் கணக்கிலேயே ஒரு மதிய நேரம் போயிற்று. ஐரோப்பா கவுன்சிலின் நாடாளுமன்றப் பேரவையில் ஒரு நாட்டுக்கு 2 முதல் 18 வரை இடங்கள். கிழக்கு ஆப்பிரிக்கச் சட்டப்பேரவையில் பெரிய நாடோ சின்ன நாடோ தலா 9. இரண்டையும் படித்துவிட்டு இடைப்பட்ட ஓர் எண்ணைப் பிடித்தார்கள்.

அதிகாரங்களை மட்டும் தாராளமாக அள்ளிக் கொடுத்திருந்தார்கள். பேரவை பெரும்பான்மையால் எதையும் தீர்மானிக்கலாம், அந்தத் தீர்மானம் உறுப்பு நாடுகளைக் கட்டுப்படுத்தும் என்று விதி எழுதப்பட்டிருந்தது. அமைச்சர்கள் மன்றத்துக்கான விதியைப் பிம்ஸ்டெக் நடைமுறையிலிருந்து அப்படியே எடுத்திருந்தார்கள்: எல்லோரும் ஒத்துக்கொண்டால்தான் முடிவு. இந்த இரண்டு விதிகளும் எந்த இடத்தில் சந்திக்கும் என்று யாரும் எழுதவில்லை.

அமர்வு தொடங்கியதும் பேரவை சூடுபிடித்தது. புயல் எச்சரிக்கை, எல்லை தாண்டிய மீனவர் கைது, சரக்குக் கப்பல் போக்குவரத்து என ஒன்றன்பின் ஒன்றாகத் தீர்மானங்கள். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியதை ஒரு மாணவர் எடுத்துப் பேசினார். அந்தப் பெயரை வைத்தது மியான்மர். ஒரு நாடு வைத்த பெயரில் இன்னொரு நாட்டுக்கு வெள்ளம் வருகிற கடலில் எச்சரிக்கையை மட்டும் தனித்தனியாக வைத்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார். மேசைகள் அதிர்ந்தன. நம் சட்டப்பேரவையைத் தொலைக்காட்சியில் பார்த்து வளர்ந்த பிள்ளைகள். மேசை தட்டுவதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

தீர்மானங்கள் நூலகத்துக்குப் போயின. அங்கே நடந்தது வேறு. மீனவர் கைது பற்றிய தீர்மானத்தை இலங்கை அமைச்சராக இருந்த மாணவி ஒரே வரியில் முடித்தார்: இது இருதரப்பு விவகாரம், இந்த மன்றத்துக்கு வராது. அவருக்கு முன்மாதிரி சார்க் சாசனம். அதன் 10-ஆம் பிரிவு ஒருமித்த முடிவைக் கேட்கிறது. இருதரப்புப் பிரச்சினைகளையும் சர்ச்சைக்குரியவற்றையும் விலக்கிவைக்கிறது. மற்ற தீர்மானங்களும் தேநீரோடு சேர்ந்து ஒரு ஓரமாகப் போயின. யாரும் எதையும் நிராகரிக்கவில்லை. எடுத்துப் பார்க்கவே இல்லை.

செய்தி கூடத்துக்கு வந்ததும் பேரவை வெளிநடப்புச் செய்தது. தாழ்வாரத்தில் நின்று முழக்கமிட்டார்கள். அமைச்சர்கள் கதவைச் சாத்திக்கொண்டு தங்கள் நிகழ்ச்சிநிரலை முடித்து, கூட்டறிக்கை வெளியிட்டு, குழுப் படமும் எடுத்துக்கொண்டார்கள். கூட்டறிக்கையில் பேரவை என்ற பெயரே வரவில்லை.

கவனித்தவை

என் குறிப்பேட்டில் இருந்தவற்றில் முக்கியமானது இது. அமைச்சர்களுக்குப் பேரவையிடம் ஆக வேண்டிய காரியம் ஒன்றுகூட இல்லை. காகிதத்தில் பேரவைக்கு எல்லா அதிகாரமும் இருந்தது. ஆனால் அது இல்லாமலேயே மன்றம் தன் வேலையை முழுதாகச் செய்துகொண்டது. 'கட்டுப்படுத்தும்' என்று எழுதியிருந்தார்கள். கட்டுப்படாவிட்டால் என்ன என்று எழுதவில்லை.

அடுத்தது, உறுப்பினர்கள் நாடு நாடாக உட்கார்ந்திருந்ததால் ஒவ்வொருவரும் தன் நாட்டு அமைச்சரின் எதிரொலியாகவே பேசினார்கள். ஒவ்வொரு குழுவிலும் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. அவர்களும் அரசுத் தரப்பையே இன்னும் உரக்கச் சொன்னார்கள். அப்படியானால் பேரவை எதற்கு? அமைச்சர்களே போதுமே.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மியான்மர் குழுவில் இருந்த மாணவர் ஒருவர் இடைவேளையில் என்னிடம் வந்து, "நான் எந்த நாடாளுமன்றத்திலேர்ந்து வந்திருக்கேன் சார்?" என்று கேட்டார். 2021 பிப்ரவரி 1 அன்று இராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள் அங்கே அவையில் அமரவே முடியவில்லை. பங்களாதேஷ் நாடாளுமன்றம் 2024 ஆகஸ்ட் 6 அன்று கலைக்கப்பட்டது. இந்த இரண்டு நாடுகளின் உறுப்பினர்களும் முதல் அமர்வில் சாதாரணமாக வாக்களித்துக்கொண்டிருந்தார்கள்.

இடைக்காலம்: எங்கே அடைத்துக்கொண்டது?

அமர்வுக்குப் பிறகு துறைத் தலைவர், சட்டப்பேரவைச் செயலகத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவரை அழைத்துவந்தார். அவர் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் படித்தார். பாராட்டவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: "சரி தம்பி, இது போய் யார் மேசையில விழும்? விழுந்ததும் அவர் என்ன பண்ணணும்னு எங்க எழுதியிருக்கு?"

மாணவர் தலைவர் கச்சத்தீவை எடுத்தார். 2025 ஏப்ரல் 2 அன்று தமிழ்நாடு சட்டப்பேரவை கச்சத்தீவை மீட்க வலியுறுத்தித் தனித் தீர்மானம் நிறைவேற்றியது. அது ஒன்றிய அரசுக்குத்தானே போகிறது என்றார். பெரியவர் தலையாட்டினார். போகிறது, ஆனால் வெளிநாட்டு ஒப்பந்தம் ஒன்றியப் பட்டியலில் இருக்கிறது. மாநிலப் பேரவையின் தீர்மானத்துக்கு இத்தனை நாளில் பதில் தர வேண்டும் என்று ஒன்றிய அரசைக் கட்டாயப்படுத்தும் விதி எதுவும் இல்லை. தீர்மானத்துக்கு அரசியல் எடை உண்டு, அதை யாரும் குறைத்துப் பேச வேண்டாம். ஆனால் நடைமுறை எடை என்பது தனிக் கணக்கு என்றார்.

அதற்குப் பிறகு திட்டக் குழு மற்ற வட்டாரங்களில் இந்த இரு தரப்பும் எப்படி இணைக்கப்பட்டிருக்கின்றன என்று பார்க்கத் தொடங்கியது. அந்த வாசிப்புதான் இந்த முயற்சியின் உருப்படியான பகுதி என்பது என் எண்ணம்.

ஐரோப்பா கவுன்சிலை ஐரோப்பிய ஒன்றியத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அது 1949-ல் உருவாகி ஸ்ட்ராஸ்பர்க்கில் இயங்குவது. இன்று 46 நாடுகள். அதன் பேரவைக்குச் சட்டம் இயற்றும் அதிகாரம் கிடையாது. ஆனால் பேரவை மூன்றில் இரண்டு பங்கு வாக்கோடு ஒரு பரிந்துரையை அனுப்பினால், அமைச்சர்கள் குழு அதற்குப் பதில் தருகிறது. உறுப்பினர்கள் எழுத்து வழிக் கேள்வி கேட்கலாம். இரு தரப்புக்கும் கூட்டுக் குழு உண்டு. இதோடு, பொதுச் செயலாளரையும் மனித உரிமை நீதிமன்ற நீதிபதிகளையும் தேர்ந்தெடுப்பது பேரவைதான். ஆக, அமைச்சர்களுக்குப் பேரவையிடம் காரியம் இருக்கிறது.

அங்கேயும் முட்டிக்கொண்டிருக்கிறார்கள். 2014-ல் ரஷ்யா உக்ரைனின் கிரைமியாவை இணைத்துக்கொண்ட பிறகு பேரவை ரஷ்யக் குழுவின் வாக்குரிமையை நிறுத்தியது. ரஷ்ய உறுப்பினர்கள் வருவதை நிறுத்தினார்கள், 2017 முதல் ரஷ்யா சந்தாவையும் நிறுத்தியது. அமைச்சர்கள் பக்கத்தில் ரஷ்யா முழு உறுப்பினர், பேரவையில் நாற்காலி காலி. 2019-ல் உரிமை திரும்பக் கிடைத்தது. அடுத்த ஆண்டே பேரவை, அமைச்சர்கள், பொதுச் செயலாளர் மூவரும் சேர்ந்து நடவடிக்கை எடுக்கும் கூட்டு நடைமுறை ஒன்று வகுக்கப்பட்டது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் வந்தது. மார்ச் 15-ஆம் தேதி பேரவை தன் கருத்தைச் சொன்னது. 16-ஆம் தேதி அமைச்சர்கள் குழு ரஷ்யாவை வெளியேற்றியது. இரு தரப்பும் ஒரே திசையில் போனால் எவ்வளவு வேகம் என்பதற்கு மாணவர்கள் இதைக் குறித்துக்கொண்டார்கள்.

நார்டிக் நாடுகளில் வரிசையே தலைகீழ். உறுப்பினர்களின் நார்டிக் கவுன்சில் 1952-ல் வந்தது, அமைச்சர்கள் கவுன்சில் 1971-ல். முதலில் வந்தவர்களைப் பின்னால் வந்தவர்கள் ஒதுக்கிவைக்க முடியாது. கிழக்கு ஆப்பிரிக்கா இன்னொரு கோடி: 2001 முதல் ஆருஷாவில் இயங்கும் அந்தப் பேரவை உண்மையிலேயே சட்டம் இயற்றுகிறது, பட்ஜெட்டை அங்கீகரிக்கிறது, ஆனால் நாட்டுத் தலைவர்களின் ஒப்புதல் இல்லாமல் மசோதா சட்டமாகாது. தென்கிழக்கு ஆசிய நாடுகளின் அமைப்பான ஆசியான் நமக்குப் பக்கத்தில் இருப்பது. அங்கே 1977 முதல் நாடாளுமன்றங்களின் கூட்டமைப்பு உண்டு. 2008-ல் நடைமுறைக்கு வந்த ஆசியான் சாசனம் அதைப் பின்னிணைப்பில், தொடர்புடைய அமைப்புகளின் பட்டியலில் வைக்கிறது. உச்சி மாநாட்டில் தலைவர்களைச் சந்திக்கிறார்கள், பேசுகிறார்கள். சந்திப்பு உண்டு; பதில் சொல்லும் கடமை சாசனத்தில் இல்லை.

இத்தனையையும் கேட்டுவிட்டுப் பெரியவர் சொன்னது எனக்கு வியப்பாக இருந்தது. ஸ்ட்ராஸ்பர்க் வரை போக வேண்டாம், இது கோட்டையிலேயே இருக்கிறது என்றார். சட்டப்பேரவையில் அமைச்சர் 'பரிசீலிக்கப்படும்', 'ஆவன செய்யப்படும்' என்று சொன்னால், அந்த வாக்கு என்ன ஆயிற்று என்று துரத்துவதற்கு அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. மக்களவையில் அதே போன்ற குழு 1953 முதல் இருக்கிறது. அங்கே வாக்கை நிறைவேற்ற மூன்று மாதக் கெடு. கெடு தவறினால் நீட்டிப்புக் கேட்டு எழுத வேண்டும். "நீட்டிப்புக் கேக்கறாங்க பாருங்க, அதுலதான் இருக்கு விஷயம். கேட்டுத்தான் ஆகணும்ங்கிற நிலைமை" என்றார்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

இரண்டாம் அமர்வுக்கு விதிகள் புதிதாக எழுதப்பட்டன. கட்டுப்படுத்தும் அதிகாரம் எடுக்கப்பட்டது. அதற்கு மாற்றாக ஒரே ஒரு கடமை: பேரவையின் பரிந்துரைக்கு அமைச்சர்கள் மன்றம் அன்று மாலைக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். ஏற்கிறோம், இந்தப் பகுதியை ஏற்கிறோம், ஏற்கவில்லை என்று மூன்றில் எதுவானாலும் சரி, காரணம் வேண்டும். பதில் தராமல் கூட்டறிக்கை வெளியிட முடியாது.

இதை மாணவர் தலைவர் கடுமையாக எதிர்த்தார். "இருக்கிற அதிகாரத்தையும் பிடுங்கிட்டு, பலம் கூடும்னு சொல்றீங்களே" என்றார். ஆசிரியர்களில் ஒருவரும் அவர் பக்கம்தான். கனவு காண வேண்டிய வயதில் பிள்ளைகளை மனு எழுதப் பழக்குகிறோம் என்பது அவர் வாதம். அதில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் ஆகஸ்டில் அந்த அதிகாரம் என்ன செய்தது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்ததால் புதிய விதி நிறைவேறியது. பட்ஜெட்டைத் தடுக்கும் உரிமை வேண்டும் என்ற கோரிக்கையும் வந்தது. இல்லாத பணத்தை எப்படித் தடுப்பது என்று அதை விட்டுவிட்டார்கள்.

பரிந்துரைக்கு மூன்றில் இரண்டு பங்கு வாக்கு கட்டாயமாயிற்று. எளிய பெரும்பான்மை என்றால் இரண்டு பெரிய நாடுகள் சேர்ந்து எதையும் நிறைவேற்றிவிடலாம். அமைச்சர்களும் அதைச் சாக்காகச் சொல்லலாம். தலைப்பு ஒன்றே ஒன்று: கடலில் பிடிபடும் மீனவர்கள். உட்காரும் வரிசையும் மாறியது. ஸ்ட்ராஸ்பர்க்கில் உறுப்பினர்கள் நாடு, கட்சி பார்க்காமல் பெயரின் அகர வரிசையில் உட்காருகிறார்கள்; இங்கேயும் அப்படியே. முன்னெழுத்தை விட்டுவிட்டுப் பெயரின் முதல் எழுத்து என்று முடிவாயிற்று.

நாடாளுமன்றம் இல்லாத நாடுகள் பற்றிய முடிவு கடினமாக இருந்தது. இரண்டு அமர்வுகளுக்கும் நடுவில், செப்டம்பர் 12 அன்று நேபாளப் பிரதிநிதிகள் சபையும் கலைக்கப்பட்டது. ஏழில் மூன்று! நாற்காலிகளைக் காலியாக விட்டால் பேரவை பாதி வெறிச்சோடும். நிரப்பினால் இல்லாததை இருப்பதாகக் காட்டுவோம். கடைசியில், அந்த மூன்று நாட்டுக் குழுக்களும் முன்னாள் உறுப்பினர்களாக உட்காரலாம், பேசலாம், வாக்களிக்க முடியாது என்று வைத்தார்கள். அமைச்சர்கள் பக்கத்தில் ஏழு நாற்காலிகளும் நிரம்பியே இருந்தன. அரசு என்பது ஏதோ ஒரு வடிவில் எப்போதும் இருக்கும், நாடாளுமன்றம் அப்படியில்லை என்பது அந்த அறைகளைப் பார்த்தாலே தெரிந்தது. வட்டார அமைப்புகளில் அமைச்சர்கள் தரப்பு இயல்பாகவே வலுவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இரண்டாம் அமர்வு

அக்டோபர் அமர்வு அமைதியாகத் தொடங்கியது. இலங்கை அமைச்சராக அதே மாணவிதான். அவர் காசிமேட்டைச் சேர்ந்தவர். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். இந்தப் பொறுப்பு வேண்டாம் என்று முதலில் மறுத்துவிட்டு, பிறகு அவராகவே ஏற்றுக்கொண்டார். ஒரு வரியில் கதவைச் சாத்த முடியாத விதி வந்துவிட்டதால், காரணங்களைத் தேட வேண்டியிருந்தது. தேடினார்.

பேரவையும் அமைச்சர்களும் சேர்ந்து உட்கார்ந்த கூட்டுக் குழுவில் அவர் பேசியதுதான் அன்றைய நாளின் மையம். யாழ்ப்பாணம், மன்னார் பக்கத்து மீனவர்கள் போரில் கடலை இழந்து, திரும்பி வந்தால் வலைகள் அறுந்து கிடக்கின்றன. அறுப்பது இந்தப் பக்கத்து இழுவை மடி, கடலடியை வாரிக்கொண்டு போகும் வலை. இலங்கை 2017-ல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடை செய்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் அழுகிறவர்களும் தமிழில்தான் அழுகிறார்கள் என்றார். ஓர் இந்திய உறுப்பினர் குறுக்கிட எழுந்து, எதுவும் சொல்லாமல் உட்கார்ந்தார்.

பேரவைத் தரப்பு இந்த முறை சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்திருந்தது. 1982-ஆம் ஆண்டு ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையின் 73-ஆம் பிரிவு: தனிப் பொருளாதார மண்டலத்தில் (கரையிலிருந்து 200 கடல் மைல் வரை, மீன்வளத்தில் கரை நாட்டுக்கு உரிமையுள்ள கடல்) பிடிபட்ட படகையும் ஆட்களையும் நியாயமான பிணையின்பேரில் உடனே விட வேண்டும், நாடுகளுக்குள் வேறு உடன்பாடு இல்லையென்றால் மீன்பிடிக் குற்றத்துக்குச் சிறை கூடாது, பிடித்த செய்தியைப் படகின் நாட்டுக்கு உடனே தெரிவிக்க வேண்டும். ஏழு நாடுகளில் பூட்டான் மட்டும் கையெழுத்தோடு நிற்கிறது. மற்ற ஆறும், கடலே இல்லாத நேபாளம் உட்பட, ஏற்புறுதி அளித்திருக்கின்றன.

இலங்கை அமைச்சர் அதற்கும் தயாராக இருந்தார். பாக் நீரிணை அகலம் குறைந்த கடல்; 1974 இந்திய-இலங்கை ஒப்பந்தம் அதை வரலாற்று நீர்ப்பரப்பாக, அதாவது இரு நாடுகளும் நெடுங்காலமாகத் தமதாக வைத்திருந்த கடலாகப் பார்த்துக் கோடு போட்டது; அங்கே தனிப் பொருளாதார மண்டலத்துக்கான விதியை அப்படியே பொருத்த முடியாது என்றார். சட்டம் படித்தவர்களே தடுமாறுகிற இடம் அது. அறையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

திருப்பம் எதிர்பாராத பக்கத்திலிருந்து வந்தது. அகர வரிசையின் புண்ணியத்தில் ஓர் இந்திய உறுப்பினரும் பங்களாதேஷின் முன்னாள் எதிர்க்கட்சி உறுப்பினரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் இருந்தார்கள். 2025 ஜனவரியில் இந்தியாவும் பங்களாதேஷும் தாங்கள் பிடித்து வைத்திருந்த மீனவர்களைப் பரஸ்பரம் ஒப்படைத்துக்கொண்டதை இருவருமே படித்திருந்தார்கள். விடுவிப்பைப் பற்றி நீதிமன்றம், இறையாண்மை என்று ஆயிரம் பேசலாம். பிடித்த செய்தியைச் சொல்வதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று அந்த பங்களாதேஷ் உறுப்பினர் கேட்டார். அவருக்கு வாக்கில்லை. ஆனால் பரிந்துரையின் கடைசி வடிவம் அவர் சொன்னதைச் சுற்றியே அமைந்தது: எந்தக் கடல் பகுதியானாலும், பிடிபட்ட 24 மணி நேரத்துக்குள் படகின் நாட்டுக்கும், அந்நாட்டின் வழியாகக் குடும்பத்துக்கும் செய்தி, ஒவ்வொரு நாட்டிலும் அதற்கென ஒரு தொடர்பு அலுவலர்.

மாலையில் பதில் வந்தது. தொடர்பு அலுவலர் ஏற்கப்பட்டது. செய்தி தருவது ஏற்கப்பட்டது, ஆனால் 24 மணி நேரம் 48 ஆனது. நடுக்கடலில் பிடித்த படகைக் கரைக்குக் கொண்டுவரவே நேரமாகும் என்று தாய்லாந்து அமைச்சர் எழுதியிருந்தார். பிணையில் விடுவிப்பது மறுக்கப்பட்டது. விசாரணை நீதிமன்றங்களின் கையில் இருக்கிறது என்பது காரணம். பேரவைக்குத் திருப்தியில்லை. வெளிநடப்பு என்ற பேச்சு எழுந்து அடங்கியது. மறுப்புக்கான காரணத்தை எடுத்துக்கொண்டு, நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு பிணையை எதிர்க்காமல் இருக்கலாமே என்று அடுத்த கேள்வியை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

அதன் பிறகு

பேரவையின் உறுதிமொழிக் குழுவாக ஐந்து மாணவர்கள் நியமிக்கப்பட்டிருந்தார்கள். அமர்வு முடிந்த பிறகும் அவர்கள் வாட்ஸ்அப்பில் அமைச்சர்களைத் துரத்தினார்கள். தொடர்பு அலுவலரின் பணிக்குறிப்பைச் சில நாடுகள் எழுதித் தந்தன, சில தரவில்லை. ஒரு மாணவ அமைச்சர் நீட்டிப்புக் கேட்டு முறைப்படி கடிதம் கொடுத்தார். அதைப் பார்த்து ஓய்வுபெற்ற அலுவலர் மனம்விட்டுச் சிரித்ததாகச் சொன்னார்கள்.

நடவடிக்கைக் குறிப்பின் ஒரு படி நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவரின் அலுவலகத்துக்குப் போனது. தீர்மானமாகக் கொடுத்தால் கோப்பில் போகும், கேள்வியாக மாற்றித் தாருங்கள் என்று அங்கிருந்து பதில் வந்தது. மாற்றிக் கொடுத்தார்கள். மக்களவையில் ஒரு நாளுக்கு அமைச்சர் அவையில் வாய்மொழியாகப் பதில் தரும் நட்சத்திரக் குறியிட்ட கேள்விகள் 20, எழுத்தில் பதில் பெறும் குறியிடாதவை 230. அதற்கு மேல் வந்தால் குலுக்கல். குளிர்காலக் கூட்டத்தொடரில் அந்தக் கேள்விக்குக் குலுக்கலில் இடம் கிடைக்கவில்லை. மறுபடி கொடுக்கலாம் என்று அலுவலகம் சொல்லியிருக்கிறது.

பேசியவர்களின் எண்ணிக்கை கூடியதா என்று துறைத் தலைவர் கேட்டார். கூடியது. ஆனால் அதற்குத் தமிழ் காரணமா, ஒரே தலைப்பு காரணமா, பதில் வரும் என்ற எதிர்பார்ப்பு காரணமா என்று பிரித்துச் சொல்ல இரண்டு அமர்வுகள் போதாது. ஆகஸ்டும் தமிழில்தான் நடந்தது என்பதை மட்டும் இங்கே குறித்துவைக்கிறேன்.

மாற்ற வேண்டியவை

அதிகாரிகள் இல்லாமல் இதை நடத்தியது பெரிய குறை. நிஜத்தில் அமைச்சர்கள் பதில் எழுதுவதில்லை. ஸ்ட்ராஸ்பர்க்கில் அமைச்சர்களின் பிரதிநிதிகளும், பிம்ஸ்டெக்கில் மூத்த அதிகாரிகளும்தான் அன்றாட வேலையைச் செய்கிறார்கள். பேரவைக்கும் மன்றத்துக்கும் நடுவில் காகிதம் தங்கிப்போகிற இடம் அதுவே. அடுத்த முறை செயலகம் என்று தனியாக ஒரு குழு வேண்டும், வரைவு எழுதுகிற பொறுப்போடு.

ஒரே மாலைக்குள் பதில் என்ற கெடுவும் நெருக்கடிதான். 48 மணி நேரம் என்ற எண் ஆய்வில் வந்ததல்ல, களைப்பில் வந்தது. ஒரு வார இடைவெளி விட்டுப் பதில் பெறலாம் என்று ஆசிரியர்கள் யோசிக்கிறார்கள். வாக்கில்லா உறுப்பினர் விதியை மாணவர் தலைவர் இன்னும் ஏற்கவில்லை. பேரவையின் மிகப் பயனுள்ள யோசனையைச் சொன்னவருக்கே வாக்கில்லாமல் போனதைச் சுட்டிக்காட்டுகிறார். எனக்கும் இதில் தெளிவான பதில் இல்லை.

மீனவர்களை வைத்து இரண்டு அமர்வுகள் பேசியாகிவிட்டது. கூடத்தில் மீனவர் ஒருவர்கூட உட்காரவில்லை. அழைத்தார்கள், அவர்கள் கடலில் இருந்தார்கள். கிழக்குக் கடற்கரையில் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-ல் தொடங்கி ஜூன் 14-ல் முடிகிறது. பருவத் தேர்வுக்கு முன்னால், தடைக்காலத்தின் முதல் சில நாள்களுக்குள் அடுத்த அமர்வை வைக்க முடியுமா என்று தேர்வுத் துறையிடம் கேட்டிருக்கிறார்கள்.